வெள்ளிக் கூரையும் காழியின் கண்ணீரும்: மதீனத்துஸ் ஸஹ்ரா மாளிகையின் வரலாறு

ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில், குர்துபா நகருக்கு மேற்கே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில், ஒரு மலையடிவாரத்தில் பரந்த இடிபாடு ஒன்று கிடக்கிறது. பல நூற்றாண்டுகளாக அவ்வட்டார மக்கள் அதனைப் 'பழைய குர்துபா' என்றே அழைத்து வந்தனர். ரோமானியர் விட்டுச்சென்ற நகரமாக இருக்கலாம் என்று கற்றறிந்தோர் சிலரும் எண்ணினர். ஒரு காலத்தில் மேற்குலகின் மன்னர்களும் தூதர்களும் அங்கே வியந்து நின்றனர் என்பதையும், அது அந்தலுஸின் கலீஃபா கட்டிய மாளிகை நகரம் என்பதையும் அங்கு ஆடு மேய்த்தவர்கள் அறிந்திருக்கவில்லை.

அந்நகரின் பெயர் மதீனத்துஸ் ஸஹ்ரா. 'ஒளிவீசும் நகரம்' என்பது அதன் பொருள். அது எழுந்த வரலாறும் வீழ்ந்த வரலாறும் நாம் அறிய வேண்டியவை. அவ்விரண்டுக்கும் நடுவே, அம்மாளிகையின் பள்ளிவாசலில் ஒரு ஜும்ஆ நாளில் நிகழ்ந்தது நம் பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்லத் தக்கது.

கட்டியவர் யார்?

ஹிஜ்ரி 300-இல் (கி.பி. 912) அமீர் அப்துல்லாஹ் மரணமடைந்தபோது, அவருடைய பேரர் அப்துர் ரஹ்மான் ஆட்சிக்கு வந்தார். அப்போது அவருக்கு இருபதை ஒட்டிய வயது. அந்தலுஸ் அன்று துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. ஒவ்வொரு கோட்டையிலும் ஒரு கிளர்ச்சியாளர் அமர்ந்திருந்தார். இளம் அமீர் ஆண்டுதோறும் படை நடத்தி, ஊர் ஊராக, கோட்டை கோட்டையாக நாட்டை மீட்டார். இப்னு ஹஃப்ஸூன் குடும்பத்தாரின் கைவசம் நீண்ட காலம் இருந்த பொபாஸ்ட்ரோ கோட்டை 928-இல் வீழ்ந்தது. மறு ஆண்டே, ஹிஜ்ரி 316-இல் (கி.பி. 929), அவர் தம்மைக் கலீஃபா என அறிவித்து, 'அந்நாஸிர் லிதீனில்லாஹ்' என்னும் பட்டத்தைச் சூட்டிக்கொண்டார்.

அன்றைய முஸ்லிம் உலகில் அதற்கு முன்பே இருவர் கிலாஃபத்துக்கு உரிமை கொண்டாடினர். பக்தாதில் அப்பாஸிய்யாக்கள் இருந்தனர். வட ஆப்பிரிக்காவில் ஃபாத்திமிய்யாக்கள் இருந்தனர். அப்பாஸிய்யாக்கள் முன்னர் ஸாமர்ராவைக் கட்டியிருந்தனர். ஃபாத்திமிய்யாக்கள் கடற்கரையில் மஹ்திய்யாவைக் கட்டியிருந்தனர். கலீஃபா என்று சொல்லிக்கொள்பவர் தமக்கென ஒரு நகரத்தை எழுப்புவது அக்காலத்தில் அதிகாரத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. மதீனத்துஸ் ஸஹ்ரா எழுந்ததற்கு முதன்மையான காரணம் இதுவே.

ஸஹ்ரா என்னும் ஓர் அன்புக்குரிய பெண்ணின் நினைவாக இந்நகரம் கட்டப்பட்டது என்றொரு கதையும் உண்டு. ஆயினும் அது மிகப் பிற்காலத்து நூல்களில்தான் காணப்படுகிறது. ஆய்வாளர் பலர் அதனை ஏற்பதில்லை.

கல்லும் பளிங்கும்

ஹிஜ்ரி 325, முஹர்ரம் மாதத்தில் (கி.பி. 936, நவம்பர்) பணி தொடங்கியது. 'ஜபலுல் அரூஸ்', அதாவது மணமகள் மலை என்று அழைக்கப்பட்ட மலையின் சரிவே அதற்கான இடம். கிழக்கு மேற்காக ஏறத்தாழ 1,500 மீட்டரும், தெற்கு வடக்காக 750 மீட்டரும் கொண்ட நீள்சதுரமாக நகரம் அளந்து வகுக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 112 ஹெக்டேர். நம் கணக்கில் சொல்வதானால் ஏறக்குறைய 277 ஏக்கர்.

சரிவை மூன்று அடுக்குகளாக வெட்டினர். எல்லாவற்றுக்கும் மேலே கலீஃபாவின் இல்லம். நடு அடுக்கில் அலுவலகங்களும் வரவேற்பு மண்டபங்களும் தோட்டங்களும். கீழே மக்கள் குடியிருப்பு. மேல் அடுக்கில் நிற்பவருக்குத் தம் காலடியில் முழு நகரமும், அதற்கப்பால் வாதில் கபீர் ஆற்றின் சமவெளியும் தெரியும். கீழே நிற்பவர் தலையை நிமிர்த்தித்தான் கலீஃபாவின் இல்லத்தைப் பார்க்க வேண்டும். ஆட்சியின் படிநிலையை அந்த அமைப்பே எல்லோருக்கும் உணர்த்தியது.

சாதாரணக் கட்டுமானக் கற்கள் அருகிலிருந்த சுரங்கங்களிலிருந்தே வந்தன. தரையில் பதித்த வெண்பளிங்கு இன்றைய போர்த்துகலைச் சேர்ந்த எஸ்த்ரமோஸ் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்டது. தூண்கள் இளஞ்சிவப்பிலும் கருநீலச் சாயலிலும் மாறி மாறி நிறுத்தப்பட்டன. கடல் கடந்து வட ஆப்பிரிக்காவிலிருந்தும் தூண்கள் வந்ததாக வரலாற்று நூல்கள் தெரிவிக்கின்றன. ரோமானியர் காலத்துப் பழைய நீர்வழி ஒன்றைச் செப்பனிட்டு, மலையிலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்தனர். மாளிகையின் அடியில் கழிவுநீர்க் கால்வாய்கள் வலைபோல் ஓடின. குளியலறைகளுக்கும் தோட்டத்துத் தடாகங்களுக்கும் தண்ணீர் தடையின்றிச் சென்றது.

17-ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் அல்மக்கரீ, தமக்கு முற்பட்டோரின் பதிவுகளைத் தொகுத்துச் சில கணக்குகளைத் தருகிறார். நாள்தோறும் 10,000 பேர் வேலை செய்தனர். 6,000 கற்கள் செதுக்கப்பட்டன. அரசின் வருவாய் மூன்றாகப் பிரிக்கப்பட்டு ஒரு பங்கு படைக்கும், ஒரு பங்கு சேமிப்புக்கும், ஒரு பங்கு கட்டுமானத்துக்கும் சென்றது என்பன அவை. இவ்வெண்களில் மிகை இருக்கக்கூடும். ஆயினும் இடிபாடுகளின் அளவைக் காண்பவர், செலவு பெருஞ்செலவே என்பதை ஐயுற மாட்டார்.

பட்டத்து இளவரசர் ஹகம் பணிகளை மேற்பார்வையிட்டார். பெரிய பள்ளிவாசல் ஹிஜ்ரி 329-இல் (கி.பி. 941) நிறைவடைந்தது. இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். குர்துபாவின் புகழ்பெற்ற பெரிய பள்ளிவாசல் ஏறத்தாழ நேர்த் தெற்காகவே அமைந்திருக்கிறது. மதீனத்துஸ் ஸஹ்ராவின் பள்ளிவாசலோ தென்கிழக்கே, மக்காவின் திசையை இன்னும் துல்லியமாக நோக்கி அமைக்கப்பட்டது. அதனால் நகரின் மற்றக் கட்டடங்கள் யாவும் ஒரு கோட்டில் நிற்க, பள்ளிவாசல் மட்டும் சற்றுத் திரும்பி நிற்கிறது. மாளிகையின் ஒழுங்குக்காக கிப்லா வளைக்கப்படவில்லை. கிப்லாவுக்காகக் கட்டடமே திரும்பியது.

ஹிஜ்ரி 336-இல் (கி.பி. 947) நாணயச்சாலையும் அங்கே மாற்றப்பட்டது. அதுமுதல் தீனார்களிலும் திர்ஹம்களிலும் 'மதீனத்துஸ் ஸஹ்ரா' என்னும் பெயர் பொறிக்கப்பட்டது. இன்று 'செல்வ மண்டபம்' என்று அழைக்கப்படும் வரவேற்பு மண்டபம் 953-க்கும் 957-க்கும் இடையில் எழுந்தது. அதன் சுவர்களில் இலையும் கொடியும் பூவும் கல்லிலேயே செதுக்கப்பட்டுள்ளன. கலீஃபாவின் பெயருடன் ஆண்டும் பொறிக்கப்பட்டிருப்பதால்தான் அம்மண்டபத்தின் காலத்தை இவ்வளவு திட்டமாகக் கூற முடிகிறது.

பள்ளிவாசலில் வெற்றிடம்

இவ்வளவு பெரிய பணியை மேற்கொண்டவர் எளிதில் யாரும் எதிர்த்துப் பேசக்கூடிய மனிதர் அல்லர். 939-இல் வடக்கே கிறித்தவ அரசர்களுடன் நடந்த போரில் அவருடைய படை பெருந்தோல்வி அடைந்தது. அதற்காகத் தம் படைத்தலைவர்கள் பலரைக் கழுமரத்தில் ஏற்றினார். அதன்பின் அவர் தாமே படை நடத்திச் செல்லவில்லை. தமக்கு எதிராகச் சதி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட சொந்த மகன் அப்துல்லாஹ்வையும் 950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மரண தண்டனைக்கு உள்ளாக்கினார். அடுத்து வரும் நிகழ்ச்சியைப் படிக்கும்போது இதனை நினைவில் கொள்வது நல்லது.

குர்துபாவுக்கு வடக்கே உள்ள ஃபஹ்ஸுல் பல்லூத் என்னும் பகுதியைச் சேர்ந்தவர் முன்திர் பின் ஸயீத் அல்பல்லூத்தி (ரஹ்). பர்பர் இனத்தவர். கிழக்கே சென்று கல்வி பயின்று திரும்பியவர். சட்டச் சிந்தனையில் அவர் ளாஹிரிய்யா வழியை விரும்பினார். ஆயினும் நீதிமன்றத்தில் அமரும்போது நாட்டின் வழக்கமான மாலிகி மத்ஹபின்படியே தீர்ப்பளித்தார். சொந்தக் கருத்தையும் பொறுப்பின் கடமையையும் பிரித்தறிந்த மனிதர் அவர்.

அவர் புகழ்பெற்றது ஒரு தற்செயல் நிகழ்வால். 949-ஐ ஒட்டி பைஸாந்திய அரசரின் தூதுக்குழு வந்தபோது, கலீஃபாவின் சபையில் உரையாற்ற பக்தாதிலிருந்து வந்த மொழியறிஞர் அபூ அலி அல்காலீ எழுந்தார். சபையின் பிரமாண்டத்தில் அவருக்குப் பேச்சு வரவில்லை. அப்போது முன்திர் எழுந்து, எந்த முன்னேற்பாடுமின்றி, விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்து அழகாகப் பேசி முடித்தார். வியந்துபோன கலீஃபா அவரை மதீனத்துஸ் ஸஹ்ரா பள்ளிவாசலின் கதீபாகவும், பின்னர் குர்துபாவின் தலைமை காழியாகவும் நியமித்தார்.

ஆக, அவருக்குப் பதவி தந்தவர் கலீஃபாவே. நன்றிக்கடன் என்று சொல்லி வாயை மூடிக்கொள்ள அதுவே போதுமான காரணமாக இருந்திருக்கும்.

கட்டுமானத்தின் மீது கலீஃபாவுக்கு இருந்த ஈடுபாடு நாளுக்கு நாள் பெருகியது. வேலையைத் தாமே நின்று கவனித்தார். ஒரு கட்டத்தில், தொடர்ந்து மூன்று ஜும்ஆக்கள் அவர் பள்ளிவாசலுக்கு வரவில்லை என்று வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன. தாம் கட்டிய பள்ளிவாசலுக்கு, தாம் கட்டிக்கொண்டிருந்த மாளிகையின் பொருட்டு அவரால் வர இயலவில்லை!

அடுத்த ஜும்ஆவில் அவர் வந்து அமர்ந்தார். காழி முன்திர் மிம்பரில் ஏறினார். குத்பாவின் தொடக்கத்திலேயே சூரா அஷ்ஷுஅராவின் வசனங்களை ஓதினார். உயர்ந்த இடங்களிலெல்லாம் வீண் பெருமைக்காகச் சின்னங்களை எழுப்பி, என்றென்றும் வாழப்போகிறவர்களைப் போல மாளிகை கட்டிய ஆது சமுதாயத்தை நபி ஹூத் (அலை) அவர்கள் கண்டித்த வசனங்கள் அவை. பின்னர் ஆடம்பரத்தையும் வீண்செலவையும் பற்றிப் பேசினார். மரணத்தையும் மறுமையையும் நினைவூட்டினார். இறையச்சத்தின் மீது எழுப்பிய கட்டடத்தையும், இடிந்து சரியும் கரையின் விளிம்பில் எழுப்பிய கட்டடத்தையும் ஒப்பிடும் சூரா அத்தவ்பாவின் வசனத்தையும் ஓதினார். கலீஃபாவின் பெயரை அவர் ஓரிடத்திலும் கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பள்ளிவாசலில் இருந்தோர் அழுதனர். கலீஃபாவும் அழுதார்.

ஆயினும் அவருடைய உள்ளம் புண்பட்டது. மகன் ஹகமிடம் மனம் குமுறினார். முன்திர் வேண்டுமென்றே தம்மைக் குறிவைத்துப் பேசியதாகவும், கண்டிப்பில் எல்லை மீறிவிட்டதாகவும் சொல்லி, இனி அவருக்குப் பின்னால் ஜும்ஆ தொழுவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டார். அதன்பின் ஜும்ஆவுக்காகக் குர்துபாவின் பெரிய பள்ளிவாசலுக்குச் செல்லத் தொடங்கினார்.

அப்போது ஹகம் கேட்டார்: இவ்வளவு வெறுப்பு இருக்குமானால் அவரைப் பதவியிலிருந்து நீக்கிவிடுவதில் என்ன தடை?

கலீஃபா மகனைக் கடிந்துகொண்டார். முன்திரைப் போன்ற கல்வியும் ஒழுக்கமும் உடைய ஒருவரை, நேர்வழியிலிருந்து விலகிய ஓர் உள்ளத்தின் திருப்திக்காக நீக்குவதா என்று கேட்டார். ஜும்ஆ தொழுகையில் தமக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் அவரைத் தவிர வேறொருவரை முன்னிறுத்தத் தாம் வெட்கப்படுவதாகச் சொன்னார். அவர் தம்மைப் புண்படுத்தியதால் சத்தியம் செய்துவிட்டதாகவும், அந்தச் சத்தியத்துக்குப் பரிகாரம் செய்ய வழி கிடைத்தால் மகிழ்வதாகவும் கூறினார். தாம் வாழும் வரையிலும் அவர் வாழும் வரையிலும் முன்திரே மக்களுக்குத் தொழவைப்பார் என்றும் உறுதி கூறினார். அவ்வாறே நடந்தது. முன்திர் (ரஹ்) ஹிஜ்ரி 355-இல் (கி.பி. 966) மரணமடையும் வரை காழியாகவே இருந்தார்.

வெள்ளிக் கூரை

இன்னொரு நிகழ்ச்சியும் பதிவாகியுள்ளது. மாளிகையின் ஒரு மண்டபத்துக்குப் பொன்னாலும் வெள்ளியாலும் ஆன ஓடுகளைக் கூரையாக வேய்ந்தார் கலீஃபா. பார்ப்போர் கண் கூசும் அளவுக்கு அது மின்னியது. உறவினர்களையும் அமைச்சர்களையும் அழைத்து அமரவைத்து, தமக்கு முன் இவ்வாறு செய்த மன்னர் எவரையேனும் கேள்விப்பட்டதுண்டா என்று வினவினார். இல்லை, இல்லை என்று எல்லோரும் புகழ்ந்தனர்.

அந்நேரம் காழி முன்திர் தலைகுனிந்தபடி உள்ளே வந்தார். அவரிடமும் அதே கேள்வி கேட்கப்பட்டது. அவருடைய கண்ணீர் தாடியில் வழிந்தது. அல்லாஹ் இவ்வளவு அருட்கொடைகளை வழங்கியிருக்க, ஷைத்தான் உங்களை நிராகரிப்பாளர்களின் இடத்துக்கு இறக்கிவிடும் அளவுக்கு நீங்கள் இடமளிப்பீர்கள் என்று நான் எண்ணவில்லை என்னும் கருத்தில் அவர் பேசினார். கலீஃபா அதிர்ந்துபோய், அது எவ்வாறு என்று கேட்டார். முன்திர் சூரா அஸ்ஸுக்ருஃபின் 33-ஆம் வசனத்தை ஓதிக்காட்டினார். மனிதர் அனைவரும் ஒரே வழியில் சென்றுவிடுவர் என்பது இல்லாவிடில், அருளாளனை நிராகரிப்போரின் வீடுகளுக்கு வெள்ளிக் கூரைகளை அமைத்துக் கொடுத்திருப்போம் என்று அல்லாஹ் கூறும் வசனம் அது. உலகச் செல்வத்துக்கு அவனிடத்தில் எவ்வளவு மதிப்பு என்பதை அது காட்டுகிறது.

கலீஃபா நெடுநேரம் தலைகவிழ்ந்து அமர்ந்திருந்தார். அவருடைய கண்களும் கலங்கின. பின்னர் காழிக்காக துஆ செய்து, அவர் கூறியதே உண்மை என ஒப்புக்கொண்டு எழுந்தார். அந்தக் கூரையைப் பிரித்துவிட்டு, சாதாரண ஓடுகளை வேயும்படி ஆணையிட்டார்.

எத்தனை நாள் நிலைத்தது?

அப்துர் ரஹ்மான் அந்நாஸிர் ஹிஜ்ரி 350-இல் (கி.பி. 961) மரணமடைந்தார். ஹிஜ்ரிக் கணக்கில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டவர். அவர் தம் கைப்பட எழுதிவைத்த ஒரு குறிப்பு கிடைத்ததாகவும், கவலை கலவாத மகிழ்ச்சியுடன் தாம் கழித்த நாள்களை அதில் அவர் எண்ணிவைத்திருந்ததாகவும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அவ்வெண்ணிக்கை 14.

மகன் இரண்டாம் ஹகம் கல்வியில் நாட்டமுள்ளவர். அவருடைய காலத்திலும் மாளிகை நகரம் சிறப்புடன் விளங்கியது. 976-இல் அவர் மறைந்தபின் சிறுவர் ஹிஷாம் கலீஃபாவானார். அதிகாரம் முழுவதும் அமைச்சர் இப்னு அபீ ஆமிர் அல்மன்ஸூரின் கைக்குச் சென்றது. அவர் குர்துபாவுக்குக் கிழக்கே 'மதீனத்துஸ் ஸாஹிரா' என்று ஏறத்தாழ அதே ஒலியுடைய பெயரில் தமக்கென ஒரு புதிய நகரத்தைக் கட்டி, 981-இல் அரசு அலுவல்களை அங்கே மாற்றிக்கொண்டார். ஸஹ்ராவின் மண்டபங்களில் அரவம் அடங்கியது.

1009-இல் உள்நாட்டுக் குழப்பம் மூண்டது. முஸ்லிம்களே முஸ்லிம்களுக்கு எதிராக வாளெடுத்தனர். முதலில் ஸாஹிரா தரைமட்டமானது. மறு ஆண்டு, ஹிஜ்ரி 401-இல் (கி.பி. 1010), பர்பர் படையினர் மதீனத்துஸ் ஸஹ்ராவுக்குள் புகுந்து சூறையாடினர். அடிக்கல் நாட்டி 74 ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒரு மனிதரின் ஆயுள்காலம் அவ்வளவுதான். வெளியிலிருந்து வந்த பகைவர் எவரும் அதை அழிக்கவில்லை. 1031-இல் அந்தலுஸின் உமையாக் கிலாஃபத்தும் முடிவுக்கு வந்தது.

அதன்பின் அவ்விடம் கற்சுரங்கமாகிப் போனது. தூண்களும் தூண்தலைப்புகளும் பெயர்த்தெடுக்கப்பட்டன. அவற்றுள் சில இஷ்பீலிய்யாவின் கட்டடங்களுக்குச் சென்றன. 15-ஆம் நூற்றாண்டில் அருகிலேயே எழுந்த ஒரு கிறித்தவ மடத்துக்கும் இங்கிருந்தே கற்கள் போயின. 1911-இல்தான் முறையான அகழாய்வு தொடங்கியது. நூறாண்டுகளுக்கு மேல் தோண்டியும் இதுவரை வெளிப்பட்டிருப்பது பத்தில் ஒரு பங்கு அளவே. சிதறிக் கிடந்த செதுக்கற்களை ஒவ்வொன்றாகப் பொருத்தி, வரவேற்பு மண்டபத்தை ஆய்வாளர்கள் மீண்டும் எழுப்பி வருகின்றனர். 2018-இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

நமக்கான பாடம்

வீடு கட்டுவதை மார்க்கம் தடுக்கவில்லை. அழகையும் தடுக்கவில்லை. அந்தலுஸின் கொத்தனும் சிற்பியும் காட்டிய திறமை நாம் பெருமைப்படத் தக்கதே. காழி முன்திரின் கண்டனம் கல்லின் மீது எழுந்ததன்று. கட்டடம் தொழுகையை மறக்கச் செய்தபோதும், 'எனக்கு முன் யாரேனும் செய்ததுண்டா' என்னும் கேள்வி உள்ளத்தில் பிறந்தபோதும் அவர் வாய் திறந்தார்.

அந்தக் கேள்வி மன்னர்களுக்கு மட்டும் உரியதா? ஊரில் யாருக்கும் இல்லாத முகப்பு நம் வீட்டுக்கு வேண்டும் என்று எண்ணும்போதும், வேலையாள் காத்திருக்கிறார் என்று சொல்லி ஜமாஅத்தை விடும்போதும், வாழ்நாள் முழுதும் அடைக்க முடியாத கடனில் ஒரு மாடியை உயர்த்தும்போதும், அதே கேள்வியைத்தான் நாமும் சிறிய அளவில் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இந்த வரலாற்றில் இருவரிடமிருந்தும் நாம் கற்க வேண்டும். பதவி தந்தவரிடமே உண்மையைச் சொன்ன காழியிடமிருந்து துணிவைக் கற்க வேண்டும். அதே அளவுக்கு அந்தக் கலீஃபாவிடமிருந்தும் கற்க வேண்டும். கடுமையானவர், பெருமை மிக்கவர், கோபத்தில் சத்தியமும் செய்தவர். ஆயினும் தம்மைத் திருத்தியவரை அவர் நீக்கவில்லை. பொன் கூரையைத்தான் நீக்கினார். நம் குறையைச் சுட்டிக்காட்டும் மனைவியையோ, மூத்தவரையோ, பள்ளிவாசல் இமாமையோ நாம் என்ன செய்கிறோம் என்பதை அவரவர் உள்ளமே அறியும்.

அந்தக் கூரை இன்று இல்லை. அதற்குப் பதிலாக வேய்ந்த ஓடுகளும் இல்லை. மலைச்சரிவில் நடத்தப்பட்ட அகழாய்வில் பள்ளிவாசலின் அடித்தளம் வெளிப்பட்டது. ஆயிரம் ஆண்டுகள் கடந்தும், மற்ற எல்லாச் சுவர்களிலிருந்தும் சற்றே விலகி, அது கிப்லாவை நோக்கியே நிற்கிறது.

நம் வீடுகளை அவனை நினைவுகூரும் இல்லங்களாகவும், நம் உள்ளங்களை அறிவுரையை ஏற்கும் உள்ளங்களாகவும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.